7 பச்சையா, சிவப்பா?

கேள்வி: வணக்கம் அக்கா, குடியாத்தத்துல இருந்து எழுதறேன். என் பொண்ணு எட்டாவது படிக்கறா. சின்னதுல இருந்தே 4 சிவப்பு, 3 மஞ்சள், 7 பச்சைன்னு சொல்லிகினே இருப்பா, ஏதோ விளையாட்டுன்னு விட்டுட்டோம். இப்போ கணக்குல மார்க் குறையுது, கேட்டா "சிவப்பும் மஞ்சளும் சேந்தா ஆரஞ்சுதான வரணும், பச்சை எப்டிம்மா வரும்"னு அழுவுறா. கிளாஸ்ல "கலர் பைத்தியம்"னு கூப்பிடுதுங்களாம். மாமியார் வேற காத்து கருப்பு அடிச்சிருக்கும், தாயத்து கட்டலாம்னு நிக்கறாங்க. இது இன்னா வியாதிக்கா? (பெயர் வேண்டாம்)

பதில்: காத்தும் இல்ல, கருப்பும் இல்லன்னு மொதல்ல மாமியார்கிட்ட சொல்லிடும்மா. இதுக்கு சினஸ்தீசியான்னு பேரு, எண்ணு, கிழமை, சத்தம்னு ஏதாவது ஒண்ணுக்கு கூடவே கலர் மாதிரி இன்னொண்ணும் தானா வர்றது, வியாதியே கிடையாது. 2006ல வெளிவந்த பிரிட்டன் ஆய்வு ஒண்ணுல நூத்துக்கு சுமார் 4 பேருக்கு ஏதோ ஒரு வகைல இது இருந்துச்சு, அதனால அவ கிளாஸ்லயே இன்னொரு பொண்ணு வாய தெறக்காம உக்காந்திருந்தாலும் இருக்கும். குடும்பத்துல தொடர்ந்து வர்றதும் உண்டு, மாமியார்கிட்டயே வெள்ளிக்கிழமை என்ன கலர்னு கேட்டுப் பாருங்களேன், டக்குனு பதில் வந்தா தாயத்து யாருக்குக் கட்டறதுன்னு அப்புறம் பேசிக்கலாம்.

நம்ம சென்னை ஸ்டான்லி மெடிக்கல் காலேஜ்ல படிச்ச மூளை விஞ்ஞானி வி.எஸ்.ராமச்சந்திரன், அமெரிக்கால ஹப்பர்டுங்கறவரோட சேந்து 2001ல இத சோதிச்சாரு. நெறைய 5க்கு நடுவுல கொஞ்சம் 2ஐ முக்கோணமா ஒளிச்சு வச்சா நமக்கெல்லாம் தேடணும், இந்த மாதிரி ஆளுங்களுக்கு அது தனி கலர்ல சீக்கிரமே கண்ணுல பட்டுடுச்சு, ஆக அவங்க கதை விடல, நிஜமாவே அப்படித் தெரியுது. மூளைல எண் உருவத்த அடையாளம் கண்டுக்கற இடமும் நிறத்துக்கான இடமும் பக்கத்து பக்கத்துல இருக்கு, ரெண்டுக்கும் நடுவுல தொடர்பு கூடுதலா இருக்கும்ங்கறது அவர் விளக்கம், வேற விளக்கம் சொல்றவங்களும் இருக்காங்க.

கணக்குக்கு வர்றேன். அந்த சோதனைலயே 5ஐ ரோமன் எண்ல V-ன்னு போட்டப்போ கலர் வரல, அதாவது கலர் ஒட்டிக்கிட்டிருந்தது அந்த உருவத்துல, அளவுல இல்ல. அதனால 4 புளியங்கொட்டை, 3 புளியங்கொட்டை தரைல வச்சு எண்ணச் சொல்லுங்க, இப்பவும் கலர் வருதான்னு அவளையே கேளுங்க, வரலேன்னா ஆரஞ்சு பஞ்சாயத்து பாதி தீந்துடும். இன்னொண்ணு, டீச்சர் பளிச்சுனு தெரியட்டும்னு சிவப்பு சாக்பீஸ்ல 7 எழுதினா இவளுக்கு அது பச்சையோட முட்டிக்கும், பதில் சொல்ல நேரமாகும், இதையும் அளந்தே பாத்திருக்காங்க. நேர்ல போய் டீச்சர்கிட்ட வெள்ளை சாக்பீஸ்லயே எழுதச் சொல்லிக் கேளுங்க, மார்க்குக்காக இல்ல, பைத்தியம்ங்கற பேர நிறுத்தணும்னா பெரியவங்க ஒருத்தர் கிளாஸ்ல எடுத்துச் சொல்லணும். என்னக் கேட்டா கலர விட அந்தக் கிண்டல்தான் அவளுக்குப் பெரிய கஷ்டம்.

வரலாறு வருஷம், போன் நம்பர் எல்லாம் கலர வச்சே மனப்பாடம் பண்ணட்டும், நெறைய பேர் அப்படித்தான் பண்றாங்க. உங்களுக்கே சந்தேகமா இருந்தா எல்லா எழுத்துக்கும் எண்ணுக்கும் கலர் எழுதி வாங்கி பீரோல வச்சுடுங்க, சில மாசம் கழிச்சு சொல்லாம கொள்ளாம திரும்பக் கேளுங்க, கிட்டத்தட்ட அதே பட்டியல் வரும்.

கேள்வி: ராணிப்பேட்டைல இருக்கேன், வயசு 46. கொஞ்ச மாசமா பஸ் ஏர் ஹாரன் அடிச்சா கண்ணு முன்னாடி ஆரஞ்சு கலர்ல மின்னல் மாதிரி கீது. எனக்கும் அதேதானா?

பதில்: அண்ணே, உங்க கதை வேற. பொறந்ததுல இருந்து இருந்தா நானே கவலப்படாதீங்கன்னு சொல்லுவேன், இந்த வயசுல புதுசா வந்தா பார்வை நரம்புல கோளாறு, தலைல அடி, வலிப்புன்னு ஏதாவது காரணம் இருக்கலாம். கண் டாக்டர், நியூரோ டாக்டர் ரெண்டு பேரையும் இந்த வாரமே பாருங்க, வேலூர் பக்கத்துலதான இருக்கு. அதுவரைக்கும் பைக்க எடுக்காதீங்க.