டாலர் ஏறுது, என் பங்கு ஏன் இறங்குது?

கேள்வி: ரூபாய் விழுந்தால் ஏற்றுமதிக்கு நல்லது என்று சின்ன வயதிலிருந்தே கேட்டு வருகிறேன். அப்படியானால் டாலர் ஏறும் நாளில் பங்குச் சந்தையும் ஏற வேண்டாமா? பெரும்பாலும் தலைகீழாகத்தானே நடக்கிறது? (திருப்பூர் வாசகர்)

பதில்: உங்கள் ஊரை வைத்துப் பார்த்தால் நியாயமான கேள்விதான், ஆனால் சந்தை முழுக்க பனியன் கம்பெனியா இருக்கிறது? நாம் எரிக்கும் கச்சா எண்ணெயில் நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது, அதற்கு டாலரில் காசு கொடுக்கிறோம். டாலர் ஏறினால், எண்ணெயிலிருந்து வரும் மூலப்பொருளையும் எரிபொருளையும் நம்பியிருக்கும் பெயின்ட் கம்பெனி, டயர் கம்பெனி, விமானக் கம்பெனி எல்லாருக்கும் செலவு ஏறும்.

அதைவிடப் பெரிய விஷயம், அந்நிய முதலீட்டாளர் போடும் கணக்கு. அவர் ரூபாயில் லாபம் பார்ப்பதே இல்லை. 2013 மே மாதம் அமெரிக்க மத்திய வங்கித் தலைவர் பென் பெர்னான்கி, மாதாமாதம் கடன் பத்திரம் வாங்கிக் குவிப்பதைக் குறைக்கக்கூடும் என்று வாயைத் திறந்தார். சொன்னதோடு சரி, அப்போது ஒரு டாலர்கூடக் குறைக்கவில்லை. அங்கே வட்டி ஏறப்போகிறது என்று உலகமெங்கும் போட்ட பணத்தை அமெரிக்காவுக்குத் திருப்ப ஆரம்பித்தார்கள், அதற்கே 55 ரூபாய் அளவில் இருந்த டாலர் ஆகஸ்ட் 28 அன்று 68-ஐத் தாண்டியது. ஒருவர் 55 ரூபாய் விலையில் 100 டாலரை மாற்றி 5,500 ரூபாய்க்குப் பங்கு வாங்கினார், அது 10 சதவீதம் ஏறி 6,050 ஆயிற்று என்று வையுங்கள். உங்களுக்கும் எனக்கும் அது லாபம். அவரோ 68 ரூபாய் விலையில் மாற்றினால் கையில் வருவது 89 டாலர், பங்கு ஏறியும் நஷ்டம். இன்னும் விழுமோ என்ற பயத்தில் விற்றுவிட்டு டாலர் வாங்குவார், அதனால் ரூபாய் மேலும் விழும், அதைப் பார்த்து அடுத்தவரும் விற்பார். அந்த ஆகஸ்டில் வங்கிப் பங்குகள் அடிபட்டுக் கிடந்தபோது ஐ.டி. பங்குகள் தெம்பாக இருந்தன. வருமானம் டாலரில், சம்பளம் ரூபாயில், பிறகென்ன?

திருப்பூர்க்காரர்களுக்கே தெரியும், டாலர் ஏறிய லாபம் முழுசாகக் கைக்கு வராது. ஆர்டர் கிடைத்த அன்றே ஃபார்வர்டு போட்டு, அதாவது பின்னால் வரப்போகும் டாலருக்கு வங்கியோடு இன்றே விலை பேசிப் பூட்டியவர், ஏற்றத்தை வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். பூட்டாமல் இருந்தவருக்கு வாங்குபவரிடமிருந்து போன் வரும்: உங்களுக்குத்தான் டாலர் ஏறிவிட்டதே, பீஸுக்குப் பத்து சென்ட் குறையுங்கள் என்று.

கேள்வி: நான் ஓய்வு பெற்ற ஆசிரியை. அரசுப் பத்திரத்தில் மட்டும் போடுகிற ஃபண்ட், ஒரு பைசா போகாது என்று சொல்லித்தான் ஏஜென்ட் வாங்கவைத்தார். 2013-இல் ரூபாய் விழுந்தபோது அதுவும் இறங்கியது. அரசாங்கம்தான் யாருக்கும் பாக்கி வைக்கவில்லையே, அப்புறம் ஏன்? (நாகர்கோவில் வாசகி)

பதில்: ஏஜென்ட் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார். அரசாங்கம் பணத்தைத் தராமல் போகாது, அது உண்மை. இடையில் விலை ஆடும் என்பதை விட்டுவிட்டார்.

அந்த ஜூலை 15 அன்று, ரூபாயைக் காப்பாற்ற ரிசர்வ் வங்கி, வங்கிகள் தன்னிடம் அவசரத்துக்கு வாங்கும் கடனின் வட்டியை 10.25 சதவீதமாக உயர்த்தியது. ரூபாய் சுலபமாகக் கிடைத்தால்தானே அதைக் கொடுத்து டாலர் வாங்குவார்கள், அதனால் ரூபாயையே கிராக்கியாக்கிவிட்டது. விளைவு, மே மாதம் 7 சதவீதத்துக்குச் சற்று மேலே இருந்த பத்தாண்டு அரசுப் பத்திர வட்டி, ஆகஸ்டில் 9-ஐத் தாண்டியது.

இப்போது உங்கள் ஃபண்டுக்குள் எட்டிப் பாருங்கள். வருடம் 7 ரூபாய் தரும் 100 ரூபாய்ப் பத்திரம் அங்கே இருக்கிறது. கடைவீதியில் 9 ரூபாய் தரும் புதுப் பத்திரம் கிடைக்கும்போது இதை 100 கொடுத்து எவர் வாங்குவார்? பத்து வருடப் பத்திரமானால் சுமார் 87 ரூபாய்க்குத்தான் கேட்பார்கள். ஃபண்ட் அந்த விலையைத் தினமும் போட்டுக் காட்டியாக வேண்டும். பத்திரத்தை நேரடியாக வாங்கி முதிர்வு வரை வைத்திருந்தால் உங்கள் 100 ரூபாய் அப்படியே வந்திருக்கும். இரண்டு வருடத்தில் தேவைப்படும் பணத்தை இந்த மாதிரி நீண்டகாலப் பத்திர ஃபண்டில் போடாதீர்கள், எந்த ஏஜென்ட் சொன்னாலும்.

ரூபாய் விழுந்த அந்தக் கதை எப்படி முடிந்தது தெரியுமா? செப்டம்பர் 4 அன்று ரகுராம் ராஜன் ரிசர்வ் வங்கி ஆளுநராக வந்ததும், வெளிநாட்டில் வாழும் இந்தியர்களிடம் டாலர் டெபாசிட் திரட்டும் வங்கிகளுக்கு ஒரு சலுகை கொடுத்தார். அந்த டாலரை ரிசர்வ் வங்கி வாங்கிக்கொண்டு ரூபாய் தரும், பிறகு அந்த டாலரை வங்கிக்குத் திருப்பிக் கொடுக்கும்போது ரூபாய் எவ்வளவு விழுந்திருந்தாலும் வங்கிக்கு வருடம் 3.5 சதவீதச் செலவோடு சரி. இதிலும், வங்கிகள் வெளிநாட்டில் வாங்கிய கடனிலுமாக 3,400 கோடி டாலர் வந்து சேர்ந்தது.

கேள்வி: ஜப்பானில் யென் வலுவானதால் பங்குச் சந்தை சரிந்ததாமே? நாணயம் வலுவானால் நல்லதில்லையா? (சென்னை வாசகர்)

பதில்: 2024 ஆகஸ்ட் 5 திங்கட்கிழமையைக் கேட்கிறீர்கள். ஜப்பான் பங்குச் சந்தைக் குறியீடான நிக்கேய் அன்று 4,451 புள்ளி, அதாவது 12.4 சதவீதம் விழுந்தது. ஜூலையில் ஒரு டாலருக்கு 160 யென்னுக்கு மேல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள், அந்தத் திங்கட்கிழமை 142 அளவுக்கு வந்துவிட்டது. கார் விற்று டாலர் சம்பாதிக்கும் ஜப்பான் கம்பெனிக்கு அது நேரடி வருமான இழப்பு. கூடவே, பல வருடங்களாக உலகமே யென்னில் கிட்டத்தட்ட வட்டியில்லாமல் கடன் வாங்கி மற்ற நாடுகளில் போட்டு வைத்திருந்தது. ஜூலை 31 அன்று ஜப்பான் மத்திய வங்கி வட்டியை 0.25 சதவீதமாக உயர்த்தியது, அமெரிக்காவிலிருந்தும் வேலைவாய்ப்பு பற்றி மோசமான கணக்கு வந்தது. யென் ஏற ஏறக் கடனும் ஏறும் என்பதால், எல்லாரும் கையில் இருந்ததை விற்றுக் கடனை அடைக்க ஓடினார்கள். நம் சென்செக்ஸும் அன்று 2,222 புள்ளி இறங்கியது. மறுநாளே நிக்கேய் 10 சதவீதம் ஏறிவிட்டது என்பது வேறு விஷயம், அதற்குள் பதறி விற்றவர் விற்றவர்தான்.

கேள்வி: ரூபாய் விழப்போகிறது என்று தெரிந்தால் எந்தப் பங்கை வாங்கலாம்? (மதுரை வாசகர்)

பதில்: தெரிந்தால் எனக்கும் ஒரு கார்டு போடுங்கள்! விளையாட்டில்லை, இதில் கை தேர்ந்தவர்களே குப்புற விழுகிறார்கள். பங்கின் பெயர் சொல்ல மாட்டேன், பார்க்க வேண்டிய இடத்தைச் சொல்கிறேன். கம்பெனியின் ஆண்டறிக்கையில் இயக்குநர்கள் அறிக்கை இருக்கும், அதில் அந்நியச் செலாவணி வரவு, செலவு என்று இரண்டு எண்கள் வரும். வரவு பெரிதா, செலவு பெரிதா பாருங்கள். பிறகு கடன் பற்றிய குறிப்புகளுக்குப் போய், டாலர் கடனில் ஃபார்வர்டு போட்டுப் பூட்டாத தொகை எவ்வளவு என்று தேடுங்கள். எழுத்து பொடியாகத்தான் இருக்கும், கண்ணாடியை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.