டேஷ்கேம் பிராக்கெட்டுக்கு வந்த வக்கீல் நோட்டீஸ்

கேள்வி: கோவையில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். கார் முன்கண்ணாடியில் டேஷ்கேமைப் பிடித்து நிறுத்தும் பிராக்கெட்டை 2021 முதல் செய்து, ஆக்சஸரீஸ் கடைகளுக்குக் கொடுக்கிறேன். ‘சாலையைப் பார்த்தபடி காரில் கேமரா பொருத்தும் அமைப்புக்கு எங்களிடம் பேடன்ட் இருக்கிறது, 15 நாளில் நிறுத்து, ஐந்து லட்சம் கொடு’ என்று ஒரு நிறுவனம் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியுள்ளது. பயமாக இருக்கிறது.

பதில்: முதலில் நோட்டீஸில் இருக்கும் எண்ணைப் பாருங்கள். நீங்கள் அனுப்பிய நகலில் அது 12 இலக்க எண், 2023 என்று தொடங்குகிறது, அடுத்து 4. இது பேடன்ட் எண்ணே அல்ல, விண்ணப்ப எண். 2023இல் சென்னை அலுவலகத்தில் போட்ட விண்ணப்பம் என்று அர்த்தம். பேடன்ட் வழங்கப்படும்வரை மீறல் வழக்கே போட முடியாது என்கிறது காப்புரிமைச் சட்டம் 1970, பிரிவு 11ஏ(7). வழங்கப்பட்டுவிட்டதா என்பதைக் காப்புரிமை அலுவலக இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டே பார்த்துவிடலாம்.

‘காரில் கேமரா பொருத்துவதே எங்கள் கண்டுபிடிப்பு’ என்றால் சிரிப்புதான் வருகிறது. 1907இலேயே வில்லியம் ஹார்பெக் கனடாவின் விக்டோரியா நகரில் டிராம் வண்டியின் முன்பக்கம் கேமராவை வைத்துத் தெருக்களைப் படம் பிடித்தார். (பாவம், டைட்டானிக்கில் போனவர்களில் அவரும் ஒருவர்.) 1930களின் இறுதியில் கலிபோர்னியாவில் நெடுஞ்சாலைக் காவலர் ஒருவர் டேஷ்போர்டில் மூவி கேமராவைப் பொருத்தினார். 1960களில் கனெக்டிகட் போலீஸ் காரின் முன்சீட்டில் டிவி கேமரா இருந்தது, ரெக்கார்டருக்குப் பின்சீட்டே போய்விட்டது. ஆனால் ‘இது புதிதல்ல’ என்று பேடன்டை எதிர்க்க, வெளிநாட்டில் ஒருவர் பயன்படுத்தினார் என்பது மட்டும் இங்கே போதாது. அது அச்சில் வந்திருக்க வேண்டும், பழைய பத்திரிகைப் பக்கமோ பேடன்ட் ஆவணமோ கையில் வேண்டும்.

இதையெல்லாம் விட வலுவான ஆயுதம் உங்கள் மேசை டிராயரில் இருக்கிறது: 2021, 2022 ஜிஎஸ்டி பில்கள். அவர்கள் விண்ணப்பிக்கும் முன்பே இதே பொருள் இந்தியாவில் வெளிப்படையாக விற்பனையில் இருந்தது என்பதற்கு அவைதான் சாட்சி. பழைய பிராக்கெட் ஒன்று, வாட்ஸ்அப்பில் கடைக்காரருக்கு அனுப்பிய படம், எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

பேடன்ட் இன்னும் வழங்கப்படவில்லை, விண்ணப்பம் பிரசுரமாகிவிட்டது என்றால், யார் வேண்டுமானாலும் பிரிவு 25(1)இன்கீழ் படிவம் 7ஏ மூலம் ஆட்சேபிக்கலாம். வழங்கப்பட்டுவிட்டால் அது பிரசுரமான ஓராண்டுக்குள் 25(2)இன்கீழ் எதிர்ப்பு. அதுவும் தவறினால், பேடன்டை ரத்து செய்யக் கேட்டு உயர் நீதிமன்றத்தில் பிரிவு 64இன்கீழ் மனு.

ஒரு எச்சரிக்கை. அவர்களுடைய உரிமைக்கோரல்களில் (எதெதற்கு உரிமை கேட்கிறோம் என்று விண்ணப்பத்தில் எண்ணிட்டு எழுதியிருப்பவை) முதலாவதை வரி வரியாகப் படியுங்கள். அதிர்வைத் தாங்கும் ஏதோ ஒரு புது இணைப்பு மூட்டுக்கு மட்டும் அவர்கள் உரிமை கேட்டிருந்து, உங்கள் பிராக்கெட்டிலும் அதே மூட்டு இருந்தால் கதை வேறு. அப்போதும் வாதம் இருக்கிறது. லேத்தில் பாத்திரத்தைப் பிடித்து நிறுத்தும் ஒரு கருவிக்கான பேடன்ட் வழக்கில் 1978இல் உச்ச நீதிமன்றம், வெறும் பட்டறை மேம்பாடு (தொழில் தெரிந்தவர் வழக்கமாகச் செய்யும் சிறு மாற்றம்) கண்டுபிடிப்பாகாது என்றது. உங்கள் தொழிலிலேயே வந்த தீர்ப்பு!

15 நாளுக்குள் ஒரு வழக்கறிஞர் மூலம் சுருக்கமாகப் பதில் அனுப்புங்கள். பணம் கொடுக்க வேண்டாம். ‘இனி தயாரிக்க மாட்டேன்’ என்று எதிலும் கையெழுத்தும் போட வேண்டாம்.