உண்ணிக் கடியும் காய்ச்சலும்: கேள்வி பதில்

மலையடிவார ஊர் ஒன்றில் பொது மருத்துவராக இருக்கிறேன். உண்ணி, சிற்றுண்ணி கடித்து வரும் காய்ச்சல்களைப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன், நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

டாக்டர், அப்பாவுக்கு ஆறு நாளாகக் காய்ச்சல், தலைவலி. டெங்கு, மலேரியா இரண்டும் இல்லை என்று ரிப்போர்ட் வந்துவிட்டது. டைபாய்டு என்று தினமும் ஊசி போடுகிறார்கள், இறங்கவே இல்லை. விவசாயம்தான், வேலூர் பக்கம்.

முதலில் அப்பாவின் உடம்பை நல்ல வெளிச்சத்தில் முழுசாகப் பாருங்கள். அக்குள், தொடை இடுக்கு, அரைஞாண் கயிறு படும் இடம், காதுக்குப் பின்னால், முதுகு, பிறப்புறுப்பு, எதையும் கூச்சப்பட்டு விட்டுவிட வேண்டாம். சிகரெட்டால் சுட்டது போலக் கறுப்பாக ஒரு பொருக்கு, சுற்றிலும் லேசான சிவப்பு, அப்படி ஒன்று இருந்தால் அது பெரும்பாலும் சிற்றுண்ணி கடித்து வரும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல். அது வலிக்காது, அரிக்காது, அதனால் நோயாளிக்கே தெரியாது. என்னிடம் வந்த ஒரு பாட்டிக்கு அது மார்புக்குக் கீழே மடிப்பில் இருந்தது, ஜாக்கெட் உரசிய புண் என்று நினைத்திருக்கிறார், அதற்கு முன் பார்த்த எவரும் அங்கே பார்க்கவில்லை. பொருக்கு இல்லாமலும் இந்தக் காய்ச்சல் வரும், ஆகவே இல்லை என்றால் நிம்மதியாகிவிடாதீர்கள்.

டைபாய்டுக்குப் போடும் செஃப்ட்ரியாக்சோன் ஊசி இந்தக் கிருமியை ஒன்றும் செய்யாது. கேட்க வேண்டியது டாக்ஸிசைக்ளின். விலை மலிவான மாத்திரை, சரியான நோயாக இருந்தால் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். இன்றைக்கே உங்கள் டாக்டரிடம், "வயலில் வேலை செய்கிறவர், ஸ்க்ரப் டைபஸாக இருக்குமா?" என்று நேரடியாகக் கேளுங்கள். மூச்சு வாங்கினாலோ, சிறுநீர் குறைந்தாலோ, பேச்சு குழறினாலோ காத்திருக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். கடுமையான நிலையில் டாக்ஸிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் சேர்த்து நரம்பில் ஏற்றுவது, ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட நல்ல பலன் தருகிறது என்று வேலூர் சிஎம்சி முன்னின்று நடத்திய ஆய்வு 2023இல் வெளியானது.

அப்போ நாய் மேல் இருக்கும் உண்ணியால் வருவதும் இதுதானா?

இல்லை. ஸ்க்ரப் டைபஸைக் கொண்டுவருவது புதரிலும் புல்லிலும் இருக்கும் சிற்றுண்ணியின் குஞ்சு, கண்ணுக்கே சரியாகத் தெரியாது. நாய் உண்ணி கொண்டுவருவது அதற்கு உறவான வேறொரு ரிக்கெட்சியா கிருமி. அதில் காய்ச்சல் வந்த சில நாளில் உடம்பில் சிவப்புப் புள்ளிகள் வரும், உள்ளங்கை உள்ளங்கால் வரைக்கும். அம்மை என்றோ மருந்து அலர்ஜி என்றோ விட்டுவிடுகிறார்கள். உள்ளங்காலில் புள்ளியும் காய்ச்சலும் சேர்ந்து இருந்தால் வீட்டில் நாய் இருக்கிறதா என்று நான் கேட்காமல் விடுவதில்லை. இதற்கும் அதே டாக்ஸிசைக்ளின்தான்.

டெஸ்ட் எடுத்துவிட்டு மருந்து ஆரம்பிக்கலாம் என்கிறார்கள். வீல்-ஃபீலிக்ஸ் நெகட்டிவ் வந்தது.

வீல்-ஃபீலிக்ஸ் பழைய டெஸ்ட், நிறையத் தவறவிடும். ரத்தத்தில் எதிர்ப்பொருளைத் தேடும் ஐஜிஎம் எலைசா டெஸ்ட் அதைவிட நல்லது, ஆனால் அதுவும் முதல் சில நாட்களில் நெகட்டிவாக வரலாம், எதிர்ப்பொருள் உருவாக நாள் பிடிக்கும். ரத்தம் எடுத்துக்கொள்ளட்டும், சந்தேகம் வலுவாக இருந்தால் ரிசல்ட்டுக்காக மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது. உயிர் போகிற கேஸ்களில் பாதி வருத்தம் இந்தக் காத்திருப்பில்தான் இருக்கிறது.

என் மகளுக்கு நாலு வயசு. டாக்ஸிசைக்ளின் கொடுத்தால் பல் கறுத்துவிடும் என்று மெடிக்கலில் சொல்கிறார்கள்.

அந்தப் பயம் பழைய டெட்ராசைக்ளின் காலத்தது. ஸ்க்ரப் டைபஸ், நாய் உண்ணிக் காய்ச்சல் போன்ற ரிக்கெட்சியா வகைக் காய்ச்சல் என்று சந்தேகம் வந்தால் எந்த வயதிலும் டாக்ஸிசைக்ளின் கொடுக்கலாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமே சொல்கிறது, சில நாள் மருந்தால் பல் கறை படிவதில்லை. அளவை எடை பார்த்து டாக்டர்தான் சொல்ல வேண்டும். கர்ப்பிணிகளுக்குப் பெரும்பாலும் அசித்ரோமைசின் கொடுப்போம். பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை: மாத்திரையை நிறையத் தண்ணீரோடு விழுங்கி அரை மணி நேரமாவது படுக்காமல் இருங்கள், இல்லையென்றால் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும்.

கூடலூரில் இருக்கிறோம் சார். குரங்குக் காய்ச்சல் இங்கேயும் வருமா? விறகுக்குக் காட்டுக்குப் போவோம்.

வர வாய்ப்பு இருக்கிறது, ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 1957இல் கர்நாடகத்தின் ஷிமோகா மாவட்டத்தில் கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்ததோடு மனிதர்களுக்கும் காய்ச்சல் வந்தது, அப்படித்தான் இந்த வைரஸைக் கண்டுபிடித்தார்கள். வெகுகாலம் கர்நாடகத்தின் அந்த மலைநாட்டுப் பகுதியில் மட்டும் இருந்தது, 2012க்குப் பிறகு பந்திப்பூர், வயநாடு, நீலகிரிப் பக்கமும் தென்பட்டது. காட்டு உண்ணிதான் கடத்துகிறது. குரங்கு செத்தால் அதன் மேல் இருந்த உண்ணிகள் அங்கேயே உதிர்ந்து சுற்றிலும் பரவும், அதனால்தான் செத்த குரங்கு கிடக்கும் இடம் ஆபத்து. கிட்டே போகாதீர்கள், வனத்துறைக்கோ சுகாதார நிலையத்துக்கோ சொல்லுங்கள்.

டிசம்பரிலிருந்து மே வரை, காய்ந்த மாதங்களில் அதிகம். திடீர்க் காய்ச்சல், கடும் தலைவலி, உடம்பு முறித்துப்போடும் வலி, சிலருக்கு ஈறிலும் மூக்கிலும் ரத்தம். சிலருக்குக் காய்ச்சல் விட்டு ஒன்றிரண்டு வாரத்தில் திரும்பி வந்து, மூளையைப் பாதிக்கும் அறிகுறிகளும் சேரும். இதற்கு டாக்ஸிசைக்ளின் வேலை செய்யாது, குறிப்பிட்ட மருந்தே இல்லை, ஆஸ்பத்திரியில் வைத்துத் தாங்கிப் பிடிப்பதுதான் சிகிச்சை. ஆஸ்பிரினும் புரூஃபனும் வேண்டாம், ரத்தக் கசிவைக் கூட்டும். பழைய தடுப்பூசியை இப்போது போடுவதில்லை.

விறகுக்குப் போகாமல் இருங்கள் என்று என்னால் சொல்ல முடியாது, அடுப்பு எரிய வேண்டுமே. முழுக்கை, பேண்ட்டை சாக்ஸுக்குள் சொருகுங்கள், தரையில் சருகின் மேல் உட்கார வேண்டாம், வீட்டுக்கு வந்ததும் துணியை வெந்நீரில் போட்டுக் குளித்து, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளுங்கள். உண்ணிக் குஞ்சு எள்ளை விடச் சிறிது.

உண்ணி ஒட்டியிருந்தால் மண்ணெண்ணெய் விடலாமா? தீக்குச்சியால் சுடலாமா?

இரண்டும் வேண்டாம். கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக மெதுவாக இழுங்கள். சோப்புப் போட்டுக் கழுவுங்கள். நகத்தால் நசுக்காதீர்கள், மாட்டு உண்ணியையும்தான். கிரிமியன்-காங்கோ காய்ச்சல் 2011இல் குஜராத்தில் வந்தபோது நோயாளியோடு, சிகிச்சை செய்த டாக்டரும் நர்ஸும் இறந்தார்கள், உண்ணியின் உடம்புத் திரவத்திலிருந்தும் அந்த வைரஸ் தொற்றும். கடித்ததற்காக மட்டும் மாத்திரை தேவையில்லை, ஆனால் இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் கடி பற்றி டாக்டரிடம் முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

லைம் நோய் பற்றி வீடியோ பார்த்துப் பயமாக இருக்கிறது.

அதுவும் உண்ணி கடித்து வரும் நோய்தான், அமெரிக்கா, ஐரோப்பாவில் பெரிய விஷயம். இங்கே மிக அரிது, நம் ஊர்க் காய்ச்சலுக்கு முதலில் யோசிக்க வேண்டியது அது இல்லை.

போன வருஷம் ஸ்க்ரப் டைபஸ் வந்து சரியாகிவிட்டது. இனி வராதுதானே?

வரலாம். அந்தக் கிருமியில் பல வகைகள் உண்டு, ஒரு முறை வந்த பாதுகாப்பு நீண்ட நாள் நிற்பதில்லை. மழை முடிந்து பனிக்காலம் ஆரம்பிக்கும்போது, வீட்டைச் சுற்றி வளர்ந்த புதரை வெட்டிவிடுங்கள். பழைய ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள், அடுத்த முறை காய்ச்சல் வந்தால் அதையும் எடுத்துக்கொண்டு போங்கள்.