ஏரித் தவளை முட்டையில் சாறு எடுப்பது குறித்து

வணக்கம். முதுகலை விலங்கியல் திட்டப்பணிக்காக, கிருஷ்ணகிரி அணைப் பக்கம் மழைக்குப் பின் கிடைக்கும் தவளை முட்டைகளில் சாறு (முட்டையை உடைத்துப் பிரித்தெடுக்கும் சைட்டோபிளாசம், அதாவது உட்கருவைச் சுற்றியுள்ள செல் பொருள்) எடுத்து, சோதனைக் குழாயில் உட்கரு உருவாவதைக் காட்ட முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். அந்த முட்டைகளைக் கொண்டு முடியாது.

பெண் தவளை முட்டையிடும்போதே ஆண் தவளை விந்தைச் சேர்த்துவிடுவதால், நீங்கள் அள்ளிவரும் திரளில் இருப்பவை பெரும்பாலும் பிளவுபடத் தொடங்கிவிட்ட கருக்கள். சாற்றுக்கு வேண்டியவையோ கருவுறாமல், இரண்டாம் குன்றல் பிரிவின் (குரோமோசோம் எண்ணிக்கையைப் பாதியாக்கும் செல் பிரிவின்) மெட்டாஃபேஸ் கட்டத்தில், அதாவது குரோமோசோம்கள் நடுவில் வரிசைகட்டிய நிலையில், நின்றிருக்கும் முட்டைகள். அதனால்தான் ஆய்வகங்களில் ஜெனோபஸ் லேவிஸ் என்னும் ஆப்பிரிக்கத் தவளைக்கு எச்.சி.ஜி. என்னும், முட்டையிடத் தூண்டும் ஹார்மோனை ஊசியாகப் போட்டு, ஆண் துணையின்றி முட்டையிட வைக்கிறார்கள். அவற்றின் ஜெல்லி உறையைச் சிஸ்டீன் கரைசலில் நீக்கி, குளிரூட்டிய சென்ட்ரிஃபியூஜில் ஏறத்தாழ 10,000 ஜி (புவியீர்ப்பைப் போல் 10,000 மடங்கு) விசையில் சுழற்றினால், மேலே மஞ்சள் கொழுப்பும் அடியில் கருவுணவும் கறுப்பு நிறமியும் ஒதுங்க, நடுவே வைக்கோல் நிறச் சைட்டோபிளாசம் நிற்கும். அதுதான் சாறு; குழாயின் பக்கவாட்டில் ஊசியைக் குத்தி அதை மட்டும் உறிஞ்ச வேண்டும். இதற்குக் கை பழக வேண்டும். பிறகு விந்தணுவின் டி.என்.ஏ.வும் கால்சியமும் சேர்த்தால், சாறு இன்டர்ஃபேஸுக்கு (இரு செல் பிரிவுகளுக்கு இடைப்பட்ட நிலைக்கு) நகர்ந்து, அந்த டி.என்.ஏ.வைச் சுற்றி உட்கரு உறை கட்டும்.

1983-இல் லோகா, மசூயி என்னும் ஆய்வாளர்கள் இதைக் காட்டியது ரானா பிபியன்ஸ் என்னும் வேறொரு தவளையின் முட்டையில்தான். அப்படியானால் நம்மூர்ப் பெருந்தவளைக்கே ஊசி போடலாமே என்று எண்ணிவிடாதீர்கள். அது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. ஓசூரைத் தாண்டினால் பெங்களூரு. அங்குள்ள செல் உயிரியல் ஆய்வகங்களுக்கு உங்கள் வழிகாட்டிப் பேராசிரியர் வழியாக, கோடை விடுமுறைப் பயிற்சி கேட்டு இப்போதே எழுதுங்கள்.