‘சும்மா ஃபார்மாலிட்டிதான் சார், போடுங்க’

கேள்வி: பத்து வருஷமாக ஒரு ஃபிரான்சைஸ் (ஒரு கம்பெனியின் பெயரில், அதன் ஒப்பந்தப்படி நடத்தும் கடை) நடத்துகிறேன். ஒப்பந்தம் முடியப்போகிறது. புதுப்பிக்கச் சொல்லிக் கம்பெனி அனுப்பிய தாள்களில் ‘ஜெனரல் ரிலீஸ்’ என்று இரண்டு பக்கம் இருக்கிறது. கேட்டால், சும்மா ஃபார்மாலிட்டி, எல்லோரும் போடுவதுதான் என்கிறார்கள். விளம்பர நிதிக்கு நான் கட்டிய பணத்துக்கு மூன்று வருஷமாகக் கணக்குக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், வந்தபாடில்லை. கையெழுத்துப் போடலாமா?

பதில்: அந்தக் கணக்கு கைக்கு வராமல் போடாதீர்கள். வெறும் ஃபார்மாலிட்டி என்றால் அது இல்லாமலே புதுப்பித்துத் தர வேண்டியதுதானே?

சொத்துப் பங்கில் ‘விடுதலைப் பத்திரம்’ எழுதிக்கொடுப்பது தெரியுமில்லையா, இந்த ஜெனரல் ரிலீஸும் அந்த ஜாதிதான், கம்பெனி மீது எனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை என்று எழுதிக்கொடுப்பது. ஆனால் அங்கே எந்தச் சொத்தை விட்டுக்கொடுக்கிறோம் என்றாவது தெரியும். இங்கே அது கிடையாது. வாசகம் பெரும்பாலும் இப்படித்தான் போகும்: ‘இன்றுவரை எழுந்த, எனக்குத் தெரிந்த, தெரியாத எல்லாக் கோரிக்கைகளிலிருந்தும் கம்பெனியையும் அதன் முன்னாள் இந்நாள் இயக்குநர்களையும் ஊழியர்களையும் துணை நிறுவனங்களையும் விடுவிக்கிறேன்.’ இதில் ‘தெரியாத’ என்ற ஒரு சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. விளம்பர நிதி உங்களுக்குத் தெரிந்த சங்கதி. நீங்கள் சரக்கு வாங்கியே தீர வேண்டும் என்று கம்பெனி கைகாட்டிய சப்ளையரிடமிருந்து அவர்களுக்குப் பின்வழியாகக் கமிஷன் போயிருந்தால்? அடுத்த வருஷம் அது தெரியவரும்போது, நீங்கள் ஏற்கெனவே மன்னித்துக் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள்.

கலிபோர்னியாவின் சிவில் சட்டத்தில் 1542 என்று ஒரு பிரிவு இதற்காகவே இருக்கிறது. கையெழுத்திடும்போது ஒருவருக்குத் தெரியாத, சந்தேகம்கூட வராத, தெரிந்திருந்தால் முடிவையே மாற்றியிருக்கக்கூடிய கோரிக்கைகளை ஜெனரல் ரிலீஸ் கட்டுப்படுத்தாது என்கிறது அது. நல்ல விஷயம்தான். அதனால்தான் அங்கே எழுதப்படும் ரிலீஸ்களில் ‘1542 தரும் பாதுகாப்பையும் கைவிடுகிறேன்’ என்று ஒரு வரியைத் தனியாகச் சேர்த்துவிடுகிறார்கள்! உங்கள் தாளில் அந்த எண் கண்ணில் பட்டால் காரணம் இதுதான்.

அப்புறம், பழைய ஒப்பந்தத்தை எடுத்து ‘புதுப்பித்தல்’ பகுதியைப் படியுங்கள். ‘அப்போது நடைமுறையில் உள்ள படிவத்தில் ரிலீஸ் தர வேண்டும்’ என்று அங்கேயே ஒரு நிபந்தனை இருக்கலாம். இருந்தால், ஒரேயடியாக மறுப்பது புதுப்பிக்கும் உரிமைக்கே வேட்டு வைத்துவிடும், பேரம்தான் பேச வேண்டும். (அமெரிக்காவில் ஃபிரான்சைஸ் விற்பவர் தர வேண்டிய வெளிப்படுத்தல் ஆவணத்தில், 17-வது பகுதி புதுப்பித்தல், கைமாற்றல் நிபந்தனைகளைச் சொல்கிறது. கையெழுத்துக்கோ பணம் கட்டவோ 14 நாள் முன்னதாக அது கைக்கு வந்தாக வேண்டும். அதைப் படிக்காமல் போட்டவர்கள்தான் அதிகம் என்பது என் சந்தேகம்.)

பேரத்தில் என்ன கேட்கலாம்? விளம்பர நிதிக் கணக்கு, திரும்ப வர வேண்டிய டெபாசிட், வெளியாள் யாராவது உங்கள் மீது வழக்குப் போட்டால் கம்பெனி ஈடு செய்வதாகச் சொன்ன பொறுப்பு, இவையெல்லாம் ரிலீஸில் அடங்காது என்று பெயர் சொல்லி எழுதச் சொல்லுங்கள். ‘தெரியாத’ என்பதை அடிக்கச் சொல்லுங்கள். முக்கியமாக, அவர்களும் உங்களை விடுவிக்கட்டும். அவர்கள் ‘அது வழக்கமில்லை’ என்பார்கள். கேட்டுப் பார்க்காமல் விடாதீர்கள்.

கேள்வி: என் ஃபிரான்சைஸை வேறொருவருக்கு விற்கிறேன். கைமாற்ற அனுமதிக்க என்னிடம் ரிலீஸ் கேட்கிறார்கள். கொடுத்துவிட்டால் எனக்கும் கம்பெனிக்கும் கணக்குத் தீர்ந்த மாதிரிதானே மேடம்?

பதில்: இல்லை அம்மா. அவர்களிடம் நீங்கள் கேட்க வேண்டியது தீர்ந்தது, அவ்வளவுதான். ஆரம்பத்தில் நீங்கள் கொடுத்த சொந்த ஜாமீன் அப்படியே உயிரோடு இருக்கலாம், வாங்குபவர் கம்பெனிக்குக் கட்ட வேண்டிய ராயல்டியைப் பாக்கி வைத்தால் உங்கள் வாசலுக்கு வருவார்கள். ஜாமீனை ரத்து செய்ததாக எழுத்தில் வாங்கிக்கொண்டு அதற்குப் பதிலாக ரிலீஸைக் கொடுங்கள். இரண்டும் ஒரே நாளில், ஒரே மேசையில்.

கேள்வி: நீங்கள் எழுதுவதெல்லாம் சரி, நான் போன வருஷமே கையெழுத்துப் போட்டுவிட்டேனே. எல்லாம் போச்சா?

பதில்: அவசரப்பட்டு அப்படி முடிவுகட்ட வேண்டாம், எந்தச் சட்டம் உங்கள் ஒப்பந்தத்துக்குப் பொருந்தும் என்பதைப் பொறுத்தது. ஆஸ்திரேலியாவின் ஃபிரான்சைஸ் நடத்தை விதிகள், ஒப்பந்தத்திலேயே ஜெனரல் ரிலீஸ் கேட்பதைத் தடுக்கின்றன. கனடாவின் ஒன்டாரியோவில் 2000-ம் ஆண்டின் ஆர்தர் விஷார்ட் சட்டம், தான் தந்த உரிமைகளை ஒருவர் கைவிட்டு எழுதினாலும் அது செல்லாது என்கிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபின் பேசி முடித்த சமரசமாகவும், இரு தரப்புக்கும் தனித்தனி வக்கீல் இருந்ததாகவும் இருந்தால்தான் அந்த மாநிலத்தின் ஃபிரான்சைஸ் சட்டம் தரும் உரிமைகளை விட்டுக்கொடுத்தது நிற்கும்.

இந்தியாவில் ஃபிரான்சைஸுக்கென்று தனிச் சட்டம் கிடையாது, 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம்தான். வற்புறுத்தி, ஏமாற்றி, தவறான தகவல் சொல்லி வாங்கிய சம்மதத்தை, பாதிக்கப்பட்டவர் ரத்து செய்யக் கோரலாம். இன்ஷூரன்ஸ் கம்பெனி ‘முழுத் தொகையும் பெற்றேன்’ என்று எழுதி வாங்கிய ஒரு வழக்கில், 2008-ல் உச்ச நீதிமன்றம் அந்த வவுச்சர் இருப்பதாலேயே தகராறு முடிந்துவிடாது என்றது. ஆனால் ‘என்னை மிரட்டினார்கள்’ என்று வெறுமனே சொன்னால் கோர்ட் கேட்காது, ஆதாரம் வேண்டும். ‘இதைப் போடாவிட்டால் நாளையே சப்ளை நின்றுவிடும்’ என்று யாராவது எழுதியிருந்தால், அந்த மெயிலை, வாட்ஸ்ஆப் செய்தியைத் தேதியோடு எடுத்து வையுங்கள், போனை மாற்றும்போது அழிந்துவிடப் போகிறது. ஏற்கெனவே ஒரு வருஷம் போய்விட்டது, இந்த வாரமே வக்கீலைப் பாருங்கள்.