கலாநிதிப் படிப்பு (PhD) எங்களுக்குச் சரிவருமா?

தங்கச்சி, கிளிநொச்சி அறிவியல்நகரில் விவசாய பீடம் இரண்டாம் வருடம், அப்பா கூலி வேலை, வீட்டில் கம்பஸ் போன முதல் ஆள் நான்தான், கலாநிதிப் படிப்பெல்லாம் சரிவருமா என்று கேட்டிருந்தீர்கள். கட்டாயம் சரிவரும். அமெரிக்காவில் விஞ்ஞானத் துறைகளில் பெரும்பாலும் படிப்புக் கட்டணமும் இல்லை, மாதாமாதம் உதவித்தொகையும் தருவார்கள், பல இடங்களில் நாலு வருடப் பட்டத்தோடே நேரடியாக விண்ணப்பிக்கலாம், முதுமாணி (மாஸ்டர்ஸ்) முடித்திருக்க வேண்டும் என்றில்லை. விண்ணப்பக் கட்டணத்தையும் நிலைமையைச் சொல்லி மின்னஞ்சல் போட்டால் சில இடங்களில் தள்ளுபடி செய்வார்கள்.

ஆனால் வழமையாக மூன்று பரிந்துரைக் கடிதம் கேட்பார்கள், எங்கள் பிள்ளைகள் கோட்டைவிடுவது அங்கேதான். விரிவுரை முடிய நேரே பஸ்ஸுக்கு ஓடினால் உங்களை யாருக்குத் தெரியும்? ஆய்வு செய்கிற ஒரு விரிவுரையாளரிடம் இப்பவே போய், "சேர், தரவு எடுக்க உதவிக்கு வரட்டுமா" என்று கேளுங்கள். வயலில் மண் மாதிரி எடுத்து, திகதி போட்டு நீங்களே பதிந்த கொப்பியைப் பார்த்தவர் எழுதுகிற கடிதத்துக்குத் தனிப் பெறுமதி.