பட்டிப்பொங்கலுக்கு நாய்க்கு என்ன உடுப்பு?

அன்புள்ள அக்கா,

விசுவமடுவில் ஒரு முன்பள்ளியில் படிப்பிக்கிறேன். எங்கள் ஒழுங்கையில் வீட்டுக்கு ஒரு நாயாவது நிற்கும். நத்தாரும் பொங்கலும் கிட்ட வருகிறது. பிள்ளைகள் போனில் வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டு, தங்கள் நாய்க்கும் நத்தார் தாத்தா சட்டை, மான்கொம்பு, செட்டை எல்லாம் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். கிளிநொச்சியில் தேடினேன்; நாய்க்கு உடுப்பு விற்கிற கடை ஒன்றும் கண்ணில் படவில்லை. வீட்டில் கிடக்கிற சாமானை வைத்துப் பிள்ளைகளோடு சேர்ந்து செய்யக்கூடிய இலகுவான வேலைகள் இருந்தால் சொல்லுங்கள். பட்டிப்பொங்கலன்று எல்லா நாய்களையும் முன்பள்ளிக்குக் கூட்டிவந்து ஒரு வினோத உடைப் போட்டி வைக்கவும் யோசிக்கிறேன்.

மாமிக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. "மாத்திக் கட்டச் சீலையில்லாமல் திரிஞ்ச சனம், இப்ப நாய்க்குச் சட்டை தைக்கினமாம்" என்கிறார். அவர் சொல்வதும் எனக்கு விளங்குகிறது. நீங்கள் நாய்களைப் பற்றி அடிக்கடி எழுதுகிறவர் என்பதால் கேட்கிறேன்.

ஒரு முன்பள்ளி ஆசிரியை,
விசுவமடு

அன்புள்ள தங்கச்சிக்கு,

மாமியின் பேச்சிலிருந்தே தொடங்குகிறேன். 2009இல் உடுத்த சீலையோடு முகாமுக்குப் போனவர்களுக்கு அப்படிச் சொல்ல உரிமை இருக்கிறது. அதனால் ஒரு விஷயத்தை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்: இதற்காக ஒரு சதமும் செலவழிக்க வேண்டாம். கிழிந்த சாரம், சிறுத்துப்போன ரீசேட், சாமான் வந்த காட்போட் பெட்டி, இவ்வளவும் போதும். காசு கொடுத்து வாங்கும் உடுப்பைவிட இவைதான் நாய்க்கும் சுகம்.

ஆனால் நாயைக் கொண்டாடுவது வெளிநாட்டுப் பழக்கம் என்று மாமி நினைத்தால், அதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். பட்டிப்பொங்கலுக்கு மாட்டைக் குளிப்பாட்டி, பொட்டு வைத்து, மாலை போட்டு, புக்கை தீத்துகிறோம். உழைத்த உயிருக்கு நன்றி சொல்கிற நாள் அது. வன்னியில் அந்த மாட்டுப் பட்டியைக் காத்தது யார்? வயலுக்குள் பன்றி இறங்கினால் முதலில் குரைத்தது யார்? இடம்பெயர்ந்தபோது கட்டியிருந்த நாயை அவிழ்த்துவிட்டுப் போகத்தான் பலருக்கு முடிந்தது. அதை நினைத்து இன்றைக்கும் கண் கலங்குகிறவர்களை எனக்குத் தெரியும். நேபாளத்தில் தீபாவளியை ஒட்டி வரும் திகார் பண்டிகையின் இரண்டாம் நாள் முழுக்க நாய்களுக்குத்தான். குகுர் திகார் என்பார்கள். வீட்டு நாய், தெரு நாய் என்ற வித்தியாசம் இல்லாமல் கழுத்தில் பூமாலை போட்டு, நெற்றியில் திலகம் வைத்து, நல்ல சாப்பாடு கொடுப்பார்கள். எங்களுடைய பட்டிப்பொங்கலில் நாய்க்கும் ஒரு மாலை போட்டால் அது வழமைக்கு மாறாகாது என்பது என் எண்ணம். இதை மாமியிடம் சொல்லிப் பாருங்கள்.

மாலை என்றதும் ஒரு எச்சரிக்கை. அலரிப் பூ வேண்டவே வேண்டாம். கோயிலுக்கென்று முற்றத்தில் நிற்கிற மஞ்சள் அலரியும் சரி, செவ்வலரியும் சரி, இலை, பூ, கொட்டை எல்லாமே இதயத்தைத் தாக்கும் நஞ்சு. நாய் மாலையைக் கடித்துப் பார்க்காமல் விடாது. எருக்கலையும் நித்தியகல்யாணியும் நஞ்சுதான். செவ்வரத்தை, மல்லிகை பயமில்லை. நைலோன் நூலில் கட்டாமல் வாழைநாரில் கட்டுங்கள்; எங்காவது கொழுவுப்பட்டால் அறுந்துவிடும். அறுந்து விழுந்ததைப் பிள்ளைகள் உடனே பொறுக்கிவிட வேண்டும். நூலை விழுங்கினால் அது குடலைச் சுருக்கி இழுத்துவிடும். சத்திரசிகிச்சை வரை போகும். மினுக்குச் சரிகை, மணி, பட்டன் பற்றரி போட்ட சின்ன லைட்டுகளையும் விழுங்கிவிடக் கூடும்; அவையும் வேண்டாம்.

சரி, இனித் தையல்.

நான் முதலில் சொல்வது கழுத்துத் துண்டு. தோய்த்துத் தோய்த்து மெதுமையாகிவிட்ட பருத்திச் சாரம் ஒன்றை எடுங்கள். பொலியெஸ்டர் கலந்தது வெக்கையைப் பிடித்து வைக்கும். 30 சென்ரிமீற்றர் சதுரமாக ஒரு துண்டு வெட்டி, அதை மூலைக்கு மூலை வெட்டினால் இரண்டு முக்கோணம் வரும். இரண்டு நாய்க்குக் காணும். நீளப் பக்கம் ஏறக்குறைய 42 சென்ரிமீற்றர் இருக்கும். அதன் இரண்டு கூர்முனைகளையும் உள்ளே மடித்துவிட்டு, அந்தப் பக்கத்தை நீளத்துக்கு 4 சென்ரிமீற்றர் மடித்து விளிம்போடு தையுங்கள். பாவாடைக்கு நாடா கோர்க்க விடுகிற மடிப்புப் போல ஒரு குழாய் வரும். நாயின் கழுத்துப்பட்டியை அதற்குள்ளால் கோர்த்துப் பூட்டினால் வேலை முடிந்தது. எங்கள் ஊர் நாய்களின் கழுத்துக்கு இந்த அளவு பெரும்பாலும் பொருந்தும். குட்டியாக இருந்தால் 20 சென்ரிமீற்றர் சதுரம் போதும்.

துண்டைக் கழுத்தைச் சுற்றி முடிச்சுப் போடக் கூடாதா என்று பிள்ளைகள் கேட்பார்கள். கூடாது. நாய் முட்கம்பி வேலிக்குள்ளால் நுழையும். துண்டு கம்பியில் மாட்டுப்பட்டால், இழுக்க இழுக்க முடிச்சு இறுகும். பட்டியில் கோர்த்த பழந்துணி கிழிந்து கையோடு வந்துவிடும், பட்டி அதே அளவில் நிற்கும். பட்டிக்கும் கழுத்துக்கும் இடையில் இரண்டு விரல் நுழைய இடம் இருக்கட்டும்.

இந்த ஒரு வெட்டை வைத்தே எல்லாக் கொண்டாட்டத்தையும் சமாளிக்கலாம். நத்தாருக்குச் சிவப்புத் துணியில் பழைய வேட்டித் துண்டை விளிம்பாக வைத்துத் தைத்தால் நத்தார் தாத்தா ஆகிவிடும். பஞ்சு ஒட்ட வேண்டாம், கடித்து விழுங்கிவிடும். பொங்கலுக்குக் கட்டம் போட்ட சாரமே அழகு. உங்கள் பிள்ளைகளில் யாராவது பாலன் பிறப்பு நாடகத்தில் நடித்தால், இடையர்களோடு வந்த காவல் நாயாக ஒரு நாயை நிறுத்தலாம். அதற்குச் சாக்குத் துணியில் ஒரு கழுத்துத் துண்டு தவிர வேறொன்றும் தேவையில்லை. துண்டின் உள்பக்கத்தில் அழியாத பேனையால் வீட்டு போன் நம்பரை எழுதிவிடுங்கள். வெடிச் சத்தத்துக்கு ஓடித் தொலைகிற நாய் திரும்பி வர அது உதவும்.

மார்கழி மழையில் நடுங்குகிற கிழட்டு நாய் ஏதாவது ஒழுங்கையில் இருந்தால், அதற்கு மட்டும் சட்டை போடலாம். பிள்ளையின் பழைய ரீசேட்டை முன்பின்னாக மாற்றிப் போடுங்கள். நெஞ்சில் இருந்த படம் நாயின் முதுகில் வரும், முன்கழுத்தின் பெரிய வெட்டு மேல்பக்கம் வரும். தலையை விட்டு, முன்னங்கால்களைக் கைகளுக்குள்ளால் எடுத்து, தொளதொளவென்று இருப்பதை முதுகில் கூட்டிப் பிடித்து ஒரு துணி நாடாவால் கட்டுங்கள். ஆண் நாய் என்றால் வயிற்றுப் பக்கத்தை நெஞ்சோடு வெட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் மூத்திரத்தில் நனையும். சட்டை மழையில் நனைந்தால் உடனே கழற்றுங்கள். ஈரச் சட்டை வெறும் உடம்பைவிடக் குளிரும்.

மான்கொம்பும் செட்டையும் கேட்கிற பிள்ளைகளுக்கு என்ன சொல்வது? தலையிலும் காதிலும் எதையும் கட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. நாய் மூக்காலும் காதாலும்தான் உலகத்தை அறிகிறது. எங்களுக்குக் கேட்கிற உச்சச் சுருதியைப்போல இரண்டு மடங்கு வரை அதற்குக் கேட்கும். காதை அமத்துகிற இலாஸ்டிக்கும், கழுத்தில் ஓயாமல் கிலுங்குகிற சலங்கையும் அதற்கு உபத்திரவம். இதற்கு வேறு வழி இருக்கிறது. பெரிய காட்போட் பெட்டியைப் பிரித்து, பிள்ளைகள் அதில் இரண்டு செட்டையையோ ஒரு சோடிக் கொம்பையோ கீறி, நிறம் தீட்டி, வெட்டட்டும். அதை நாய் வழமையாகப் படுக்கிற திண்ணைச் சுவரில், அது இருந்தால் தலை எட்டுகிற உயரம் பார்த்து ஒட்டுங்கள். நாய் வந்து இருக்கிற நேரம் முன்னால் நின்று போனில் படம் எடுத்தால், கொம்பு நாயின் தலையில் முளைத்தது மாதிரியே வரும். நாயின் உடம்பில் ஒரு நூல்கூடப் படாது. சின்னப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல கைவேலை எனக்குத் தோன்றவில்லை: உயரம் அளக்க வேண்டும், நாய் எங்கே படுக்கிறது என்று கவனிக்க வேண்டும், அது வரும்வரை சத்தம் போடாமல் காத்திருக்க வேண்டும். பட்டிப்பொங்கலுக்கு அதே சுவரில் நெற்கதிரும் பானையும் கீறலாம். குருத்தோலைத் தோரணத்தையும் நாயின் கூட்டில் கட்டுங்கள், கழுத்தில் வேண்டாம்.

இன்னொன்று, கொண்டாட்டம் முடிந்த பிறகும் பயன்படும். பரந்தன்–முல்லைத்தீவு வீதி உங்கள் ஊருக்குள்ளால்தான் போகிறது. மழைக்கால இருட்டில் தார் ரோட்டில் கறுப்பு நாய் குறுக்கே வந்தால் மோட்டார் சைக்கிள்காரருக்குக் கிட்ட வரும்வரை தெரியாது. நாயும் அடிபடும், ஆளும் விழுவார். வெளிச்சம் பட்டால் மின்னுகிற பட்டைத் துணி பழைய மழைக்கோட்டிலோ பள்ளிக்கூடப் பையிலோ தைத்திருக்கும். அதைப் பிரித்தெடுத்துக் கழுத்துப்பட்டியைச் சுற்றித் தையுங்கள். கழுத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் போதாது, முழுச் சுற்றும் வேண்டும், எந்தப் பக்கத்தால் வெளிச்சம் வரும் என்று தெரியாதே. ஒழுங்கையில் உள்ள எல்லா நாய்க்கும் இது ஒன்றைச் செய்து போட்டால், மற்ற எதையும் செய்யாவிட்டாலும் எனக்குச் சந்தோசம்.

உடுப்பு போட்டதும் நாயின் முகத்தைப் பாருங்கள். பெரும்பாலான நாய்கள் ஒருதரம் உடம்பை உலுப்பும், கழுத்தைத் திருப்பித் துண்டை மணந்து பார்க்கும், பிறகு மறந்துபோய்த் தன் வேலையைப் பார்க்கும். அப்படியென்றால் பிரச்சினை இல்லை. ஆனால் அசையாமல் விறைத்து நின்றால், சாப்பாடு இல்லாமலே வாயை நக்கிக்கொண்டிருந்தால், நித்திரை வராத நேரத்தில் கொட்டாவி விட்டால், காதைப் பின்னால் மடித்து வெள்ளைமுழி தெரியப் பார்த்தால், உடனே கழற்றிவிடுங்கள். படத்தில் அது அடக்கமாக நிற்பது போலத் தெரியும். அது பயம். நாய்க்கு எங்களைப் போல உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை, பாதங்களில் மட்டும் கொஞ்சம் வியர்க்கும்; வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் சூட்டைக் கழிக்கிறது. வெயில் ஏறிய பிறகு சட்டை வேண்டாம். மற்ற நேரத்திலும் பத்து நிமிடம் போதும்.

போட்டி விஷயத்தில் மட்டும் உங்களோடு நான் உடன்படவில்லை. ஒன்றையொன்று தெரியாத நாய்களை ஒரே மண்டபத்தில், கூச்சல் போடுகிற சின்னப் பிள்ளைகளுக்கு நடுவில் கட்டிவைத்தால் சண்டை வரும், கடியும் வரும். அதைத் திருப்பிச் செய்யுங்கள்: பிள்ளைகள் வேஷம் போட்டு, பெரியவர்களோடு படலை படலையாகப் போகட்டும். ஒவ்வொரு வீட்டு நாயும் தன் வீட்டுப் படலையில், தனக்குப் பழகிய ஆளின் பக்கத்தில், கழுத்துத் துண்டோடு நிற்கட்டும். விசர்நாய்த் தடுப்பூசி போட்ட நாய்களை மட்டும் சேருங்கள். போடாதவற்றுக்குப் பொங்கலுக்கு முன்னமே போட இது நல்ல சாட்டு. மற்ற வீட்டு நாயைக் கட்டிப்பிடிக்கக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள். யாருக்காவது பல் பட்டால், சின்னக் கீறலாக இருந்தாலும், ஓடுகிற தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

சாப்பாட்டையும் சொல்லிவிடுகிறேன். முந்திரிகை வற்றல், அதாவது உலர்ந்த திராட்சை, நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கொஞ்சம் போனாலே ஆபத்தாகிவிடக் கூடும். எங்கள் புக்கையிலும் அது இருக்கிறது, நத்தார் கேக்கிலும் இருக்கிறது. சொக்கிலேற்றும் ஆகாது. அதனால் சர்க்கரையும் வற்றலும் போட முதல் பானையிலிருந்து ஓர் அகப்பை வெறும் சோற்றை எடுத்து ஆறவைத்து, நாயின் பங்காக ஒதுக்கிவிடுங்கள். அதை மாமியின் கையாலேயே வைக்கச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். மறுக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

துண்டின் அளவு ஏதாவது ஒரு நாய்க்குச் சரிவராவிட்டால், ஒரு நூலால் கழுத்தின் சுற்றளவை எடுத்து எழுதி அனுப்புங்கள். வெட்டு அளவைக் கணக்குப் பார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
அக்கா